ஒரு பெயர், ஒரு தட்டு, பல ஆட்கள்: ‘கணபதிப்பிள்ளை’ என்ற தலைப்பின் கீழ் சேர்ந்த நூல்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

இடமும் பின்னணியும்

இந்த ஆய்வுக்குரிய இடம் யாழ்ப்பாணத்தில், வலிகாமத்துச் சனசமூக நிலையம் ஒன்றின் வாசிகசாலை. ஓர் அறை, ஒரு விறாந்தை, ஐந்து அலுமாரிகள், பத்திரிகை விரித்து வாசிக்க ஒரு நீள மேசை. அதன் சொத்து இவ்வளவுதான். ஆசிரியத் தொழிலில் இருந்து இளைப்பாறிய பின் பின்னேரங்களில் அங்கே புத்தகப் பொறுப்பைப் பார்த்து வருகிறேன். நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்க இடமும் இல்லை, பயிற்சி பெற்ற ஆளும் இல்லை. ஆகவே முன்பிருந்தவர்கள் செய்து வைத்தபடியே ஆசிரியர் பெயரின் அகர வரிசையில் நூல்கள் அடுக்கப்பட்டு வந்தன. ஒவ்வொரு நூலுக்கும் ஓர் அட்டை. அட்டையின் மேல் வரியில் ஆசிரியர் பெயர், பெயரை அடுத்துக் காற்புள்ளி, அதற்குப் பின் முதலெழுத்து. எனக்கு முன் பொறுப்பில் இருந்த பெரியவர் நீல மையில் எழுதிய அந்த அட்டைகளில் ‘கணபதிப்பிள்ளை, க.’ என்றும் ‘கணபதிப்பிள்ளை, சி.’ என்றும் தெளிவாக இருந்தது. சில அட்டைகளில் முதலெழுத்துக்குப் பக்கத்தில் ‘மட்டுவில்’, ‘புலோலி’ என்று ஊர்ப் பெயரைப் பென்சிலால் சிறிதாகக் குறித்திருந்தார். அந்தப் பென்சில் குறிப்பு எதற்காக என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

புலம்பெயர்ந்த ஊரவர்கள் சிலர் பணம் சேர்த்து ஒரு கணினியை வாங்கித் தந்தார்கள். நூற்பட்டியலுக்கு என்று ஒரு மென்பொருளும் அதனோடு வந்தது. ஆசிரியர் பெயரை எழுத அதில் இரண்டு பெட்டிகள்: ஒன்று ‘முதற்பெயர்’, மற்றது ‘குடும்பப்பெயர்’. இரண்டில் எதை வெறுமையாக விட்டாலும் பதிவு உள்ளே போகாது. பள்ளிக்கூட விடுமுறையில் உயர்தர வகுப்பு மாணவர்கள் சிலர் வந்திருந்து அட்டைகளைப் பார்த்து எல்லாவற்றையும் பதிந்து முடித்தார்கள். காற்புள்ளிக்கு முன்னால் இருந்ததைக் குடும்பப்பெயர்ப் பெட்டியிலும், பின்னால் இருந்ததை முதற்பெயர்ப் பெட்டியிலும் போட்டார்கள். அந்தப் பெட்டிகள் கேட்ட கேள்விக்கு வேறு என்ன பதில் சொல்லியிருக்க முடியும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. மென்பொருள் தன் பங்குக்குக் குடும்பப்பெயரின் முதல் மூன்று எழுத்துகளை மட்டும் எடுத்து, நூலின் முதுகில் ஒட்டுவதற்குச் சிட்டை அச்சிட்டுத் தந்தது. அட்டைகள் ஒரு சணல் கயிற்றால் கட்டப்பட்டு அலுமாரியின் மேல் போயின.

நிகழ்வு

சில மாதங்களின் பின், ‘நாடகமும் அரங்கியலும்’ பாடம் படிக்கும் உயர்தர மாணவி ஒருவர் வந்து, பேராசிரியர் கணபதிப்பிள்ளையின் நாடகங்கள் வேண்டும் என்று கேட்டார். மேசையில் இருந்த பிள்ளை கணினியில் தேடி, ‘கணப’ என்ற சிட்டை ஒட்டிய தட்டைக் காட்டி, அதில் இருந்தவற்றுள் பெரிய புத்தகமாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து மாணவி அதைத் திருப்பிக் கொண்டு வந்தார். அது கந்தபுராணத்தின் தக்ஷ காண்டத்துக்கு எழுதப்பட்ட உரை.

“சேர், இதிலை நாடகம் ஒண்டும் இல்லை. பேராசிரியர் கந்தபுராணத்துக்கும் உரை எழுதினவரோ?” என்று கேட்டார். எழுதியவர் வேறு ஆள் என்றேன். மேசையில் இருந்த பிள்ளை தட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “அப்ப இந்தத் தட்டிலை இருக்கிறது எல்லாம் ஒராளின்ரை புத்தகம் இல்லையே?” என்றார்.

அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல என்னால் முடியவில்லை. இரண்டு பேர் என்று எனக்குத் தெரியும். ஆனால் தட்டில் இருந்தவை இரண்டு பேருடையவை மட்டும்தானா என்பது தெரியாது. அடுத்த நாள் அந்தத் தட்டு முழுவதையும் இறக்கி மேசையில் பரப்பினோம்.

தட்டில் இருந்தவை

தேடி வந்த பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1903இல் வடமராட்சிப் புலோலியில் பிறந்தவர். ஏழாம், எட்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகளின் மொழியை ஆராய்ந்து இலண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1947இல் விபுலானந்த அடிகள் மறைந்த பின் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர் பதவியை ஏற்றவர். 1968இல் காலமானார். ‘நானாடகம்’ 1940இலும் ‘இரு நாடகம்’ 1952இலும் ‘சங்கிலி’ 1956இலும் வந்தன. முதல் இரண்டு தொகுதிகளிலும் யாழ்ப்பாணத்து வீட்டுக்குள் பேசுகிற பேச்சை அப்படியே பாத்திரங்களின் வாயில் வைத்தவர் அவர். பேச்சுத் தமிழ் மேடைக்குத் தகாது என்று கற்றவர்கள் பலர் எண்ணிய காலம் அது. இவை தவிர வடமொழி ‘ரத்னாவளி’ நாடகத்தைத் தமிழாக்கிய ‘மாணிக்கமாலை’, ‘பூஞ்சோலை’, ‘வாழ்க்கையின் விநோதங்கள்’ என்ற கதை நூல்கள், ‘தூவுதும் மலரே’ என்ற கவிதை நூல், ‘ஈழத்து வாழ்வும் வளமும்’ என்ற கட்டுரைத் தொகுதி ஆகியவையும் அவருடையவை.

தட்டின் மற்றப் பாதி பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளையுடையது. அவர் தென்மராட்சி மட்டுவிலில் 1899இல் பிறந்தவர், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சைவாசிரிய கலாசாலையில் நெடுங்காலம் கற்பித்து, இரண்டு மூன்று தலைமுறைத் தமிழாசிரியர்களை உருவாக்கியவர், 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கௌரவ கலாநிதிப் பட்டம் பெற்றவர், 1986இல் காலமானார். ‘இலக்கிய வழி’, ‘கந்தபுராண கலாசாரம்’, ‘கந்தபுராண போதனை’, ‘பாரத நவமணிகள்’, ‘சமயக் கட்டுரைகள்’ முதலியன அவர் எழுதியவை. மாணவி எடுத்துச் சென்ற தக்ஷ காண்ட உரையும் அவருடையதே.

மூன்றாவது ஆள் நான் எதிர்பாராதவர். ‘ஈழநாட்டின் தமிழ்ச் சுடர்மணிகள்’ என்ற 1967ஆம் ஆண்டு நூல், ஈழத்துப் புலவர்களதும் அறிஞர்களதும் வரலாறுகளைச் சொல்வது. முகப்பில் ஆசிரியர் பெயர் ‘தென்புலோலியூர் மு. கணபதிப்பிள்ளை’ என்று இருக்கிறது. முதலெழுத்தை விட்டுவிட்டு ஊரை மட்டும் பார்த்தால் புலோலியூர்ப் பேராசிரியருடைய நூல் என்றே எவரும் எண்ணுவர். எங்கள் கணினியும் அப்படித்தான் எண்ணியது.

நான்காவது பதிவு சிரிப்பையும் கவலையையும் ஒருங்கே தந்தது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் கிரியையின்போது உறவினர்கள் ஒரு சிறு நூல் அச்சிட்டு வந்தவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். அதைக் ‘கல்வெட்டு’ என்போம். இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, வம்ச வரலாறு, சிவபுராணம், தேவாரத் திருவாசகங்கள், பட்டினத்தார் பாடல்கள் என்பன அதில் இருக்கும். எங்கள் வாசிகசாலையில் அப்படிப்பட்ட கல்வெட்டுகள் ஒரு பெட்டி நிறைய உள்ளன. அவற்றுள் ஒன்று கணபதிப்பிள்ளை என்ற பெயருடைய ஊர்ப் பெரியவர் ஒருவருக்காக அச்சிடப்பட்டது. அட்டையில் பெரிய எழுத்தில் இருந்தது அவர் பெயர்தான் என்பதால், மாணவர்கள் குடும்பப்பெயர்ப் பெட்டியில் ‘கணபதிப்பிள்ளை’ என்றும் முதற்பெயர்ப் பெட்டியில் ‘அமரர்’ என்றும் பதிந்துவிட்டார்கள். மாணிக்கவாசகர் பாடிய சிவபுராணம் அந்தப் பெரியவரின் ஆக்கமாகக் கணக்கில் ஏறிவிட்டது. கல்வெட்டு மொழியை ஆராய்ந்த பேராசிரியரும் கல்வெட்டு அச்சிடப்பட்ட பெரியவரும் ஒரே தட்டில் ஒரே ஆளாக நின்றார்கள். ‘கணபதிப்பிள்ளை, கல்வெட்டு’ என்று சேர்த்துத் தேடினால் பெரியவர்தான் முதலில் வந்தார்.

ஐந்தாவது, முகப்புத்தாள் கிழிந்த ஒரு மெல்லிய சைவப் பிரசுரம். அதன் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

பிழை எங்கே இருந்தது

பிழையை மாணவர்களின் மேலோ மென்பொருளை விற்ற நிறுவனத்தின் மேலோ மட்டும் போட்டுவிட்டுப் போக மனம் ஒப்பவில்லை. இன்னொரு நாட்டின் பெயர் வழக்குக்கு என்று செய்த பெட்டிக்குள் எங்கள் பெயரை வைத்தோம் என்பதுதான் முதற் பிழை. யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெயரில் கடைசியாக நிற்பது குடும்பத்தின் பெயர் அன்று. அது அந்த ஆளின் சொந்தப் பெயர். முன்னால் நிற்கும் எழுத்து தந்தையின் பெயரைக் குறிப்பது. எனவே ‘க. கணபதிப்பிள்ளை’யும் ‘சி. கணபதிப்பிள்ளை’யும் ஒரே குடும்பப் பெயரைப் பகிர்ந்துகொண்டவர்கள் அல்லர். பிள்ளையார் பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் ஊரில், ஒருவரை ஒருவர் அறியாத பல வீடுகளில் அதே பெயர் வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

‘பிள்ளை’ என்ற ஈற்றையும் இங்கே கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் தனியாக நிற்கும் சாதிப் பட்டம். யாழ்ப்பாணத்துப் பெயர்களிலோ பெயரோடு பெயராக ஒட்டி உருகிவிட்டது; வெட்டினால் பெயர் பாதியாகும். வெளியூரில் அச்சான பட்டியல் ஒன்றில் ‘பிள்ளை, கணபதி’ என்று இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த வழியிலே போனால் சி. வை. தாமோதரம்பிள்ளையும் எஸ். வையாபுரிப்பிள்ளையும் கே. கே. பிள்ளையும் எங்கள் இரண்டு கணபதிப்பிள்ளைகளும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகி விடுவார்கள்.

முதலெழுத்தும் எப்போதும் தந்தையைக் காட்டும் என்று நம்புவதற்கு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மிசன் பள்ளிக்கூடங்களில் படித்த பிள்ளைகள் பலருக்குப் பாதிரிமாரும் உபகாரிகளும் தங்கள் நாட்டுப் பெயர்களைச் சூட்டினார்கள். சி. வை. தாமோதரம்பிள்ளையின் ‘வை’ என்பது வைரவநாதர் என்ற தந்தை பெயர் என்று சொல்வாரும் உண்டு. மிசன் பெயர் ஒன்றின் முதலெழுத்து என்று சொல்வாரும் உண்டு. ‘பாவலர் சரித்திர தீபகம்’ எழுதிய ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, தர்க்க நூல் எழுதிய நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறொல் விசுவநாதபிள்ளை ஆகியோரின் முன்பெயர்களும் அப்படி வந்தவையே. ‘முதற்பெயர்’ என்ற பெட்டிக்கு உண்மையிலேயே பொருந்துகிறவர்கள் எங்கள் அலுமாரிகளில் இவர்கள் மட்டுமே என்பது வேடிக்கை.

பொருள் வேறுபாடு ஆளைப் பிரித்துக் காட்டுமா?

எங்கள் நிர்வாக சபையில் ஒருவர் நல்ல யோசனை போலத் தோன்றிய ஒன்றைச் சொன்னார்: “நாடகம் எழுதினது ஒராள், சமயம் எழுதினது ஒராள், சரித்திரம் எழுதினது ஒராள் எண்டு பொருளைப் பாத்துப் பிரிச்சுவிடுங்கோ, மாஸ்ரர்.” முயன்று பார்த்தோம். உடனே இடித்தது.

பேராசிரியர் ஒருவரே நாடகம், கதை, கவிதை, மொழிபெயர்ப்பு, வரலாறு, மொழியாராய்ச்சி என்று ஆறு துறைகளில் எழுதியிருக்கிறார். பொருளைக் கொண்டு பிரித்தால் அவரே ஆறு ஆளாவார். அவருடைய நூல்கள் உண்மையிலேயே அவ்வளவு விரிந்திருந்தபடியால்தான், தக்ஷ காண்ட உரையும் அவருடையது என்று கணினி சொன்னபோது எவருக்கும் ஐயம் எழவில்லை. ஒரு பெயரின் கீழ் பல வகை நூல்கள் கிடப்பது பல ஆட்களுக்குச் சாட்சி ஆகாது.

மறுதலையும் உண்மை. இரண்டு தட்டுத் தள்ளி ‘கதிரைவேற்பிள்ளை’ என்ற பெயரில் இரண்டு அகராதிகள் நின்றன. இரண்டுமே தமிழுக்குத் தமிழ். இரண்டுமே யாழ்ப்பாணத்தவர் தொகுத்தவை. ஒன்றை மற்றதன் மறுபதிப்பு என்று கருதி நானே ஒருமுறை பழையதைக் கழித்துவிட எண்ணியதுண்டு. நல்ல காலம், கழிக்கவில்லை. ஒன்று மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளையின் ‘தமிழ் மொழி அகராதி’. அவர் சென்னையில் திரு. வி. கலியாணசுந்தரனாருக்குத் தமிழாசிரியராக இருந்தவர். இராமலிங்க அடிகளாரின் பாடல்கள் பற்றிய அருட்பா மருட்பா வழக்காட்டத்தில் மறுதரப்பில் நின்றவர். 1907இல் இளவயதிலேயே காலமானவர். மற்றது வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்து நீதவானாக இருந்த கு. கதிரைவேற்பிள்ளை தொகுத்து, மதுரைத் தமிழ்ச் சங்கம் பாகம் பாகமாக வெளியிட்ட ‘தமிழ்ச் சொல்லகராதி’. ஒரே காலம், ஒரே ஊர்ப்புறம், ஒரே வேலை, ஒரே பெயர், ஆட்கள் இருவர். பெயரின் முற்பகுதி கதிர்காமத்தைக் குறிக்கும் ‘கதிரை’ என்பதை அறியாத இந்திய அச்சகங்கள் அதைக் ‘கதிர்வேற்பிள்ளை’ என்று மாற்றி அச்சிட்டதால், அதே அகராதி எங்கள் கணினியில் இன்னொரு புது ஆசிரியரையும் பெற்றிருந்தது.

இதைவிட நுட்பமான ஒன்று ‘ஞானப்பிரகாசர்’. சுவாமி ஞானப்பிரகாசர் நல்லூரில் இருந்து பணி செய்த கத்தோலிக்கக் குரு. 1875இல் மானிப்பாயில் சைவக் குடும்பத்தில் வைத்தியலிங்கம் என்ற பெயரோடு பிறந்தவர். ‘யாழ்ப்பாண வைபவ விமர்சன’மும் சொற்பிறப்பு ஒப்பியல் அகராதியும் செய்தவர். அதே பெயரில் இன்னொருவர் போர்த்துக்கேயர் காலத்தில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்து சிதம்பரத்துக்குப் போன சைவத் துறவி. சிவஞான சித்தியாருக்கு உரை செய்தவர். பறங்கி அதிகாரிக்கு உணவுக்குப் பசு கொடுக்கும் முறை தம் வீட்டுக்கு வந்தபோது, அதற்கு மனம் பொறாமல் ஊரை விட்டுப் போனவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். இந்த இருவரையும் ஒரே தலைப்பில் சேர்த்து வைத்த பட்டியலை அந்த முனிவர் கண்டால் என்ன சொல்வாரோ தெரியாது.

குடும்பமே பெயரைப் பகிர்ந்த இடம்

எல்லாத் தலைப்பும் அந்நியரின் சந்தை என்று முடிவு கட்டவும் முடியாது. ‘சண்முகதாஸ்’ என்ற தலைப்பில் பேராசிரியர் அ. சண்முகதாஸின் நூல்களும் மனோன்மணி சண்முகதாஸின் நூல்களும் நிற்கின்றன. அவர்கள் கணவன் மனைவி. இங்கே ஒருவருக்குச் சொந்தப் பெயராக இருப்பது மற்றவருக்குக் கணவன் பெயர். பெண் எழுத்தாளரின் நிலை இதிலும் இக்கட்டானது. 1979இல் வந்த ‘இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்’ என்ற நூலின் ஆசிரியர் மூவருள் ஒருவர் ‘மௌ. சித்திரலேகா’. பிந்திய நூல்களில் அதே ஆள் ‘சித்திரலேகா மௌனகுரு’. கடைசிப் பெயரைப் பிடித்துப் போனால் முன்னையது ‘ச’கர வரிசையிலும் பின்னையது ‘ம’கர வரிசையிலும் போய் நிற்கும், கணவரின் நூல்களோடு பின்னையது கலந்தும் விடும். ஒராளை இரண்டாக வெட்டுவதும் இரண்டு ஆளை ஒன்றாக ஒட்டுவதும் ஒரே விதியால் நடக்கின்றன.

ஆனால் இந்தச் சிக்கலை எனக்கு முழுவதாக விளக்கியது ஒரு பழைய குடும்பம். வடமராட்சிக் கெருடாவிலைச் சேர்ந்த குமாரசுவாமி முதலியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொழும்பில் அரசாங்க மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். அவர் மகன் முத்து ஆங்கில வழக்கில் தந்தை பெயரைப் பின்னால் வைத்து ‘முத்து குமாரசுவாமி’ ஆனார். அரிச்சந்திரன் கதையை 1863இலும் பௌத்த நூலான சுத்த நிபாதத்தின் ஒரு பகுதியை 1874இலும் ஆங்கிலத்தில் தந்தார். அவர் மகன் ஆனந்தர் அந்தப் பெயரையே குடும்பப் பெயராகத் தொடர்ந்து ‘ஆனந்த குமாரசுவாமி’ என்று உலகம் அறிய நின்றார். மத்திய காலச் சிங்களக் கலை பற்றிய பெரு நூலை 1908இலும், சிவ நடனம் பற்றிய கட்டுரைத் தொகுதியை 1918இலும் வெளியிட்டவர் அவர். தாத்தாவின் சொந்தப் பெயர் மூன்றாம் தலைமுறையில் குடும்பப் பெயராக இறுகிவிட்டது.

அதே முதலியாரின் மகள் வழிப் பேரர்களில் இருவர் சேர். பொன். இராமநாதனும் சேர். பொன். அருணாசலமும். அவர்கள் தந்தை பெயர் பொன்னம்பலம். அது முன்னால் முதலெழுத்தாகவே நின்றது. ஆகவே அண்ணனுடைய நூல்கள் ‘இ’கரத்திலும் தம்பியுடைய நூல்கள் ‘அ’கரத்திலும் நிற்கின்றன. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று காட்டப் பட்டியலில் ஒரு சொல்லும் இல்லை. அவர்களுடைய மூத்த சகோதரருக்கு யாழ்ப்பாணத்து வழக்கப்படி தாத்தாவின் பெயரே வைக்கப்பட்டது: பொ. குமாரசுவாமி. ஆகவே மைத்துனர் முறையான இருவரில் ஆனந்தருக்குக் ‘குமாரசுவாமி’ குடும்பப் பெயர். பொன்னம்பலத்தின் மூத்த மகனுக்கு அது சொந்தப் பெயர். ஒரு குடும்பம், ஒரு தலைமுறை, ஒரு சொல், இரண்டு வேலை. இவர்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவரின் ‘தமிழ்ப் புலவர் சரித்திரம்’ எங்கள் தட்டில் ஆனந்தருக்குப் பக்கத்தில் தோள் உரசி நின்றது.

செய்த திருத்தம்

மென்பொருளை விற்றவர்களிடம் பெட்டியின் பெயரை மாற்ற முடியுமா என்று கேட்டோம். எல்லா நூலகங்களும் இப்படித்தான் பயன்படுத்துகின்றன என்று பதில் வந்தது. அதற்குப் பின் அவர்களிடம் கேட்பதை விட்டுவிட்டோம்.

அலுமாரியின் மேல் இருந்த அட்டைக் கட்டை இறக்கினோம். பெரியவரின் பென்சில் குறிப்புகளின் அருமை அப்போதுதான் விளங்கியது. யாழ்ப்பாணத்தில் ஒரு பெயரைக் கேட்டால் அடுத்த கேள்வி ‘எந்த ஊர்?’ என்பதே. அந்தக் கேள்விக்குரிய விடையையும் அவர் அட்டையில் எழுதி வைத்திருந்தார். ஆட்களைப் பிரித்து அறிய எங்களுக்கு முதலில் உதவியது ஊர். ஊர் ஒன்றாகிவிட்ட புலோலி போன்ற இடங்களில் முதலெழுத்து. அதுவும் போதாதபோது பிறப்பு, இறப்பு ஆண்டுகள். ‘பண்டிதமணி’, ‘புலவர்’ போன்ற பட்டங்களைப் பெயரின் பகுதியாகக் கருதாமல், அடையாளமாக அடைப்புக்குள் வைத்தோம். அதன்படி முழுப் பெயரையும் குடும்பப்பெயர்ப் பெட்டிக்குள்ளேயே ‘கணபதிப்பிள்ளை, சி. (பண்டிதமணி, மட்டுவில், 1899–1986)’ என்று எழுதிவிட்டு, முதற்பெயர்ப் பெட்டியில் ஒரு சிறு கோடு போட்டோம். கோட்டை மென்பொருள் பெயராக ஏற்றுக்கொண்டது. சிட்டைகளை அச்சிடாமல் கையால் எழுதினோம்.

இதற்குச் சான்று தேட வேண்டியிருந்தது. எங்கள் பகுதி நூல்களின் முன்னுரைகளின் அடியில் ஆசிரியர் ஊரையும் திகதியையும் போட்டுக் கையொப்பமிடும் பழைய வழக்கம் பெரிதும் உதவியது. ஒவ்வொரு தொகுதியிலும் ஆயிரம் ஈழத்து நூல்களை விவரிக்கும் என். செல்வராஜாவின் ‘நூல்தேட்டம்’ தொகுதிகளையும், 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிம வடிவில் சேர்த்து வரும் ‘நூலகம்’ தளத்தையும் ஒப்பிட்டோம். வாசிகசாலைகளில் வீணே தூசி பிடித்துக் கிடப்பதாக நான் நினைத்த கல்வெட்டுகள் இன்னொரு பயன் தந்தன: அவற்றின் வம்ச வரலாறுகளில் யார் யாருக்கு மகன், எந்தக் குறிச்சி, எந்த ஆண்டு என்று பதிந்திருக்கிறது. ஆசிரியராகப் பிழையாக ஏறிய அமரர்களை எல்லாம் அந்த இடத்தில் இருந்து இறக்கி, ‘நினைவு மலர்’ என்ற தலைப்பில் ஊர்வாரியாக அடுக்கினோம். அவை இப்போது முன்னைவிட அதிகம் வாசிக்கப்படுகின்றன.

எழுத்துக்கூட்டல் தனித் தொல்லை. ‘கணபதிப்பிள்ளை’, ‘கணபதிபிள்ளை’, ‘கணபதிப் பிள்ளை’ என்று மூன்று விதமாகப் பதிந்திருந்தது. ஒரு ஒற்றும் ஒரு இடைவெளியும் கணினிக்கு வெவ்வேறு ஆட்கள். ஆங்கில நூல்களில் அதே பெயர் இன்னும் பல வேடம் போடும். நூலின் முகப்பில் உள்ளபடியே நூற்பெயர்ப் பதிவில் விட்டுவிட்டு, ஆளுக்குரிய தலைப்பை மட்டும் ஒன்றாக்கினோம்.

எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கட்டட அமைப்புக்கு ஆலோசனை சொன்ன இந்திய நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதனின் பெயரையே எடுத்துப் பார்க்கலாம்: ‘எஸ்’ சீர்காழி என்ற ஊர், ‘ஆர்’ இராமாமிர்தம் என்ற தந்தை பெயர், ரங்கநாதன் அவர். நூற்பட்டியல் விதிகளை வகுத்தவரின் பெயரே, ஊரும் தந்தையும் முன்னே, ஆள் பின்னே என்ற எங்கள் ஒழுங்கில் இருந்திருக்கிறது. 1959இல் திறக்கப்பட்ட அந்த நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது அழிந்த நூல்கள் ஏறக்குறைய 97,000. அப்படி ஓர் இழப்பு நடந்த ஊரில், மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு பிரதியும் யாருடையது என்பதைப் பிழையில்லாமல் எழுதி வைப்பது வெறும் அலுவலக வேலை என்று எனக்குத் தோன்றவில்லை.

மாணவிக்கு ‘சங்கிலி’யும் ‘இரு நாடக’மும் கிடைத்தன. அவர் தக்ஷ காண்ட உரையையும் மறுபடி எடுத்துப் போனார். அம்மம்மா வாசிக்கக் கேட்டாராம்.

தீராத ஒன்று

முகப்புத்தாள் கிழிந்த அந்தச் சைவப் பிரசுரம் இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இருபத்து நான்கு பக்கம். விநாயகர் வழிபாடு பற்றியது. சுன்னாகத்தில் அச்சிடப்பட்டது என்று கடைசிப் பக்கத்தின் அடியில் இருக்கிறது. ஆண்டு இல்லை. முன்னுரையின் அடியில் ‘கணபதிப்பிள்ளை’ என்று மட்டும் இருக்கிறது; முதலெழுத்தின் இடத்தில் ஒரு இராமபாணப் பூச்சி துளை போட்டுவிட்டது. உரைநடையின் போக்கைப் பார்த்துப் பண்டிதமணியுடையது என்று சிலர் சொல்கிறார்கள். அந்தக் காலத்துச் சைவ ஆசிரியர் பலர் அவரிடமே படித்தவர்கள் என்பதால் அவருடைய நடை பலருடைய நடையாகவும் இருந்தது. ஆகவே நான் ஒத்துக்கொள்ளவில்லை. அட்டையில் ‘சி.’ என்று ஒருமுறை பென்சிலால் எழுதினேன்; பிறகு அழித்துவிட்டேன். இப்போது அந்த அட்டையில் பெயரும், காற்புள்ளியும், அதன் பின் வெற்றிடமும் இருக்கின்றன. கணினியில் அதை இன்னும் ஏற்றவில்லை.